டிக்கெட் விற்ற கை: கேன்சஸ் சிட்டி நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் மியூசியம்

கேன்சஸ் சிட்டிக்கு வரும் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? முதல் உலகப் போர் மியூசியம், நெல்சன் ஆட்கின்ஸ் கலைக்கூடம் என்று ஒரு பட்டியல் எல்லோரிடமும் உண்டு. அவை நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரே ஒரு மதியம்தான் கையில் இருக்கிறது என்றால், நான் அனுப்புவது 18வது தெருவும் வைன் தெருவும் சந்திக்கிற மூலைக்கு. அங்கே ஜாஸ் மியூசியமும் நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் மியூசியமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. இந்த விமர்சனம் இரண்டாவதைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அதற்குள் இருக்கும் ஒரு ஆளைப் பற்றியது.

அவர் பெயர் சாட்செல் பேஜ். பேஸ்பாலில் பந்து வீசுபவரைப் பிட்சர் என்பார்கள். பேஜ் அளவுக்கு ஆட்டத்தையும் ஆட்டம் காட்டுவதையும் ஒன்றாகக் கலந்த பிட்சர் வேறு யாரும் இல்லை என்பது என் கட்சி. நான் சம்பளக் கணக்கு பார்க்கும் வேலையில் இருப்பவள். அதனால் அவர் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் கண் போவது பந்தின் வேகத்தின் மேல் இல்லை. இந்த மனிதர் யாரிடம், எதற்கு, எவ்வளவு வாங்கினார் என்பதில்தான் போகும். இந்த முறை ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். காரைக்குடியில் வங்கிக் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. கூடவே என் மகன். அவன் பள்ளி அணியில் பந்து வீசுகிறான், எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவான். இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்திய இடம் இது என்பதே பெரிய சான்றிதழ்.

முதலில் பின்னணி. 1880களின் நடுப்பகுதியிலிருந்து 1947 வரை அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக் பேஸ்பாலில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. முதலாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அதனால் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று அணிகளும் லீக்குகளும் நடத்தினார்கள். 1920 பிப்ரவரியில் ரூப் ஃபாஸ்டர் என்பவர் முதலாளிகளைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கை ஆரம்பித்தது இந்த மியூசியத்துக்குப் பக்கத்திலேயே உள்ள பாஸியோ ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில்தான். அந்தத் தெருவில் நிற்கும்போது இது வெறும் தகவலாக இருக்காது. கட்டடம் இன்னும் அங்கேயே இருக்கிறது, நடந்தே போகலாம்.

மியூசியம் 1990இல் ஒரே ஒரு அறையில் தொடங்கியது. 1997இல் இப்போதைய இடத்துக்கு மாறியது. இதற்காக ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர் பக் ஓ'நீல். நீக்ரோ லீக் அணியான கேன்சஸ் சிட்டி மானார்க்ஸில் முதல் பேஸ் என்ற இடத்தைக் காக்கும் ஆட்டக்காரராகவும் பிறகு மேனேஜராகவும் இருந்தவர். 2006இல் இறக்கும்வரை மியூசியத்தின் தலைவர் அவர்தான். சாட்செல் பேஜைப் பற்றி நாம் இன்று சிரித்துக்கொண்டே சொல்லும் கதைகளில் பாதி, பக் சொல்லி வந்தவை. இதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது மைதானம். நிஜமான மைதானம் இல்லை. வெண்கலச் சிலைகள் ஆடும் ஒரு சிறு மைதானம். பிட்சர் மேட்டில் பேஜ், அவருக்கு எதிரே பந்து பிடிக்கக் குந்தியிருக்கும் ஜாஷ் கிப்சன், மட்டையோடு கியூபாக்காரர் மார்ட்டின் டிஹிகோ. ஆனால் உள்ளே போக முடியாது. நடுவில் கோழிக்கூண்டுக் கம்பி வலை. வலைக்கு இந்தப் பக்கம் பக் ஓ'நீலின் சிலை, நம்மைப் போலவே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மியூசியம் முழுவதையும் சுற்றி, அத்தனை வருட வரலாற்றையும் கடந்த பிறகுதான் அந்த மைதானத்தில் கால் வைக்க விடுவார்கள். கட்டட வடிவமைப்பாலேயே இதைச் சொல்லிவிட்டார்கள், ஒரு வரி விளக்கம் தேவையில்லை. அப்பா கம்பி வலையில் விரலை மாட்டிக்கொண்டு, "ஏம்மா, டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்தோம்? ஏன் உள்ளே விடமாட்டேங்குறாங்க?" என்று கேட்டார். அவர் தெரியாமல் கேட்டாலும் அந்த வலை அங்கே இருப்பதே அந்தக் கேள்விக்காகத்தான்.

அப்புறம் ஒரு சின்னத் திரையரங்கில் படம் போடுகிறார்கள். குரல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். ஆட்டம் புரியாதவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. என் அப்பாவுக்கு நான் காரிலேயே கொஞ்சம் பாடம் எடுத்திருந்தேன்: பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து மட்டைக்காரர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம். கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 66 அடி. பந்து தரையில் குத்தி எழும்பாது, நேராக வரும். தரையின் உதவியே இல்லாமல் வெறும் கையாலும் நேரத்தாலும் ஏமாற்றுவதுதான் பிட்சரின் வேலை. அடிக்கக்கூடிய இடத்தில் வரும் பந்தை விட்டுவிட்டாலோ, மட்டையைச் சுழற்றித் தவறவிட்டாலோ அது ஒரு ஸ்டிரைக். மட்டைக்காரர் மூன்று ஸ்டிரைக் வாங்கினால் அவுட். அடித்தவர் ரன் எடுக்க மூன்று பேஸ்களையும் ஓடிக் கடந்து திரும்பி வர வேண்டும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

படத்துக்குப் பிறகு சுவர் நெடுகப் படங்களும் எழுத்தும். படிக்க நிறைய இருக்கிறது. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தப் பகுதியில் கொஞ்சம் திண்டாடுவார்கள். பேருந்துகள், துண்டறிக்கைகள், சீருடைகள், கையெழுத்திட்ட பந்துகள். பந்துகளில் நிறைய, ரஷ் என்ற கனடா ராக் இசைக்குழுவின் கெடி லீ வாங்கி நன்கொடையாகக் கொடுத்தவை. ஒரு ராக் பாடகர் ஏலத்தில் பழைய பந்துகளை வாங்கி இங்கே அனுப்பியிருக்கிறார் என்பது எனக்கு ஏனோ ரொம்பப் பிடித்துப்போனது. அதைத் தனியாக நின்று பார்த்தேன். மகனுக்கு அந்தக் குழுவின் பெயரே தெரியவில்லை.

இனி பேஜ்.

லீராய் ராபர்ட் பேஜ். அலபாமா மாநிலம் மொபீல் ஊரில் 1906 ஜூலை 7இல் பிறந்தவர். சிறுவனாக ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைத் தூக்கிக் காசு பார்த்தார். சாட்செல் என்ற அந்தப் பையின் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது என்பது அவர் சொன்ன கதை. பை திருடி மாட்டியதால் வந்த பெயர் என்று கூட வளர்ந்த ஒருவர் வேறு மாதிரி சொன்னார். எப்படியோ, 12 வயதில் மவுண்ட் மெய்க்ஸ் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்த ஐந்து வருடத்தில்தான் பந்து வீசக் கற்றுக்கொண்டார். முன்காலை வானத்தை உதைப்பதுபோல உயரத் தூக்கி, மட்டைக்காரரின் கண்ணிலிருந்து பந்தை மறைத்து வீசும் அந்தப் பாணி அங்கே பிறந்தது. 1926இல் சட்டனூகா அணியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

வயது விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேஜ் தன் வயதை ஒருபோதும் நேராகச் சொன்னதில்லை. பிறந்த தேதி எழுதியிருந்த குடும்ப பைபிளை ஆடு தின்றுவிட்டது என்பார். நிருபர்கள் எழுதி எழுதி மாய்ந்தார்கள். வயது தெரியாத மனிதர் என்பதே ஒரு விளம்பரம் ஆகிவிட்டது. பிறப்புச் சான்றிதழில் 1906 என்று தெளிவாக இருந்தது.

மியூசியத்தில் வழிகாட்டியோடு சுற்றினால் மட்டுமே இந்தப் பகுதி உயிர் பெறும். எங்களோடு வந்தவர் வயதான மனிதர். சுவரைப் பார்க்கவே இல்லை, எங்களைப் பார்த்துத்தான் பேசினார். பேஜின் பந்துகளுக்கு பேஜே வைத்த பெயர்களை வரிசையாகச் சொன்னார்: பீ பால், ஜம்ப் பால், ட்ரபிள் பால், பேட் டாட்ஜர், மிட்நைட் க்ரீப்பர். பாதிக்கு மேல் ஒரே வேகப்பந்துதான், பெயர்தான் வேறு வேறு என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மட்டைக்காரன் தலைக்குள் ஐந்து பந்து ஓடினால், கையில் ஒன்று இருந்தால் போதாதா?

உண்மையிலேயே தனியான ஒன்று, ஹெசிட்டேஷன் பிட்ச். முன்கால் தரையில் பட்ட பிறகும் கையை ஒரு கணம் நிறுத்தி வைத்து, பிறகு வீசுவார். மட்டைக்காரர் அதற்குள் சுழற்றி முடித்திருப்பார். 1948இல் மேஜர் லீக்கின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீக்கின் தலைவர் வில் ஹாரிட்ஜ் அதைப் போடக் கூடாது என்று தடுத்துவிட்டார். என் மகன் சிலையின் முன் நின்று அதைச் செய்து காட்டி, கால் தடுமாறி, என் கைப்பையின் மேல் விழப் பார்த்தான். வழிகாட்டி சிரித்துவிட்டு, "அதைச் செய்ய முதலில் அந்தக் கால் வேண்டும்" என்றார். படத்தில் பார்த்தால் தெரியும், பேஜ் ஆறடிக்கு மேல் உயரம், முழுக்கக் காலும் கையும்தான்.

அவர் காட்டிய வித்தைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சின்ன ஊர்களில் ஆடும்போது வெளிக்களத்தில் நிற்கும் தன் அணிக்காரர்களை உள்ளே வரச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, எதிரணியை ஸ்டிரைக் அவுட் செய்வார். ஆட்டத்துக்கு முன் மிட்டாய்த் தாளைத் தரையில் வைத்து அதன் மேல் பந்து போகிறதா என்று பழகுவார். மேட்டுக்கு நடந்து வரும்போது வேண்டுமென்றே ஆமை வேகத்தில் வருவார். மைதானத்துக்கே தாமதமாக வருவார். வழியில் வேகமாகக் கார் ஓட்டி அபராதமும் கட்டுவார்.

இதையெல்லாம் திமிர், கோமாளித்தனம் என்று அன்றைக்கே எழுதினார்கள். என் வேலை என்னை வேறு மாதிரி பார்க்க வைக்கிறது. நீக்ரோ லீக் அணிகளுக்கு லீக் ஆட்டங்களை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளோடு ஆடுவதில்தான் வருமானம். இதற்கு பார்ன்ஸ்டார்மிங் என்று பெயர். அன்றைய வசூலில்தான் எல்லோர் பங்கும். கூட்டம் வந்தால் சாப்பாடு. பேஜ் வருகிறார் என்று போஸ்டர் ஒட்டினால் கூட்டம் வரும். அது அவருக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் அவர் பேரம் பேசினார். காலைத் தூக்குவது, உட்கார வைப்பது, ஆமை நடை, எல்லாமே வாசலில் டிக்கெட் விற்கும் வேலை. உள்ளே இவற்றையெல்லாம் பார்த்து, படித்து, கேட்ட பிறகு அப்பா சொன்ன ஒரே வாக்கியம்: "இந்த ஆளுக்குக் கணக்குத் தெரிஞ்சிருக்கு." ஒரு கேஷியர் வாயிலிருந்து வரும் மிகப் பெரிய பாராட்டு அது.

கணக்கைப் பாருங்கள். பிட்ஸ்பர்க் க்ராஃபோர்ட்ஸ் அணியின் முதலாளி கஸ் க்ரீன்லீ, லாட்டரி மாதிரியான சட்டவிரோத நம்பர் ஆட்டம் நடத்தியவர். அவரோடு சம்பளத் தகராறு வந்ததும் பேஜ் வடக்கு டக்கோட்டாவின் பிஸ்மார்க் ஊருக்குப் போய்விட்டார். அங்கே அணி நடத்தியவர் கார் வியாபாரி நீல் சர்ச்சில். சம்பளத்தோடு காரும் கிடைத்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடிய அணி அது, 1930களில். 1937இல் டொமினிக்கன் குடியரசிலிருந்து சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆட்கள் வந்தார்கள். அவர் தன் பெயரையே தலைநகருக்கு வைத்துக்கொண்டவர். அந்த நகரின் அணி தோற்கக் கூடாது. பேஜும் இன்னும் எட்டுப் பேரும் வருவதற்கு 30,000 டாலர் என்பது பேஜ் பிற்பாடு சொன்ன தொகை. ஜாஷ் கிப்சன், கூல் பாப்பா பெல் எல்லோரும் போனார்கள். சுற்றிலும் துப்பாக்கியோடு ராணுவ வீரர்கள் நிற்க ஆடினார்கள், ஜெயித்தார்கள், தப்பித்தோம் என்று திரும்பினார்கள். லீக் அவர்களுக்குத் தடை போட்டது. அதே ஆட்கள் சேர்ந்து ஒரு அணியாகி டென்வர் போஸ்ட் போட்டியில் கலந்துகொண்டு அதையும் ஜெயித்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தை மீறி ஓடியவர் என்று இதைச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி. மேஜர் லீக்கின் கதவு உங்களுக்கு மூடியிருக்கிறது. உங்கள் கை எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியாது. காயம்பட்டால் நஷ்ட ஈடு இல்லை, ஓய்வூதியம் இல்லை. அப்போது நீங்கள் யாருக்கு விசுவாசமாக இருப்பீர்கள்?

கை தாங்கவும் இல்லை. 1938இல் மெக்சிகோவில் ஆடும்போது தோள் போய்விட்டது. கையைத் தூக்கவே முடியவில்லை. கதை முடிந்தது என்று எல்லோரும் கைவிட்டபோது அழைத்தவர் கேன்சஸ் சிட்டி மானார்க்ஸின் வெள்ளைக்கார முதலாளி ஜே.எல். வில்கின்சன். இந்த வில்கின்சனுக்கு மியூசியத்தில் நிதானமாக நேரம் கொடுங்கள். 1930இலேயே லாரிகளில் விளக்குகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவு ஆட்டம் நடத்தியவர். மேஜர் லீக்கில் முதல் இரவு ஆட்டம் சின்சினாட்டியில் நடந்தது 1935இல். அவர் பேஜை இரண்டாம் அணியோடு சிற்றூர்களுக்கு அனுப்பினார். வீச முடியாவிட்டாலும் முகத்தைப் பார்க்கவே ஆள் வரும் என்பது அவர் கணக்கு. ஒரு நாள் கை திரும்பி வந்துவிட்டது. எப்படி என்று பேஜிடம் கேட்டால், டக்கோட்டாவில் ஒரு சூ பழங்குடிக் குடும்பம் தந்த பாம்பு எண்ணெய் என்பார்! அதையும் நம்பி எழுதினார்கள். இந்த இடத்தில் மியூசியம் இன்னும் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சிற்றூர் வசூல் சீட்டுகளை ஒரு மேசை நிறையப் பரப்பி வைத்தால் நான் சாயங்காலம்வரை நகர மாட்டேன். எல்லோரும் என் மாதிரி இருக்க மாட்டார்கள், புரிகிறது.

1942இல் நீக்ரோ லீக்குகளின் இறுதிப் போட்டியாக நடந்த உலகத் தொடரின் கதையை வழிகாட்டி நடித்தே காட்டினார். மானார்க்ஸுக்கு எதிரே ஹோம்ஸ்டெட் க்ரேஸ். அதில்தான் ஜாஷ் கிப்சன், பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புவதில் அவருக்கு நிகரில்லை. பக் சொல்லி வந்த கதைப்படி, பேஜ் வேண்டுமென்றே முன்னால் வந்தவர்களுக்கு அடிக்க முடியாத பந்துகளாக வீசி, விதிப்படி அவர்களைச் சும்மாவே பேஸுக்கு நடந்து போக விட்டு, மூன்று பேஸையும் நிரப்பி, கிப்சனை வரவழைத்தார். ஒவ்வொரு பந்துக்கு முன்னும் இப்போது என்ன வீசப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வீசினார். அன்றைய செய்தித்தாள்களோடு ஒத்துப் பார்த்தால் அந்த வேண்டுமென்றே நடக்க விட்ட பகுதி நிற்காது. பேஸ்கள் நிரம்பியிருந்ததும், கிப்சன் அவுட் ஆனதும், மானார்க்ஸ் அந்தத் தொடரை ஜெயித்ததும் நிற்கும். எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்று ஆட்டத்தின் பதிவு, மற்றது அதை விற்ற விதம்.

பக்கை பேஜ் ஆயுள் முழுக்க நான்சி என்று கூப்பிட்டதற்கும் ஒரு கதை உண்டு. மனைவியாகப் போகும் லஹோமா வந்து தங்கியிருக்கும் அதே சிகாகோ ஹோட்டலுக்கு, பேஜ் அழைத்திருந்த நான்சி என்ற பெண்ணும் வந்துவிட்டாள். பக் அவளுக்கு வேறு அறை பார்த்துக் கொடுத்தார். நடு இரவில் பேஜ் அந்தக் கதவைத் தட்டி, "நான்சி, நான்சி" என்று கூப்பிட, லஹோமாவின் கதவு திறந்தது. பக் உடனே தன் அறையிலிருந்து வெளியே வந்து, "என்ன சாட்செல்?" என்றார். பேஜ் திரும்பி, "நான்சி, நீ இங்கேயா இருக்கே? நாளைக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்றார். அன்றிலிருந்து பக் நான்சிதான். அப்பாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குழு திரும்பிப் பார்த்தது.

ஆனால் அதே பக் சொன்ன இன்னொன்றும் உண்டு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அறைகள் தயாராகாத ஒரு நாள், பேஜ் அவரைக் கூட்டிக்கொண்டு டிரம் தீவுக்குப் போனார். அடிமைகளை இறக்கி ஏலம் விட்ட இடம் என்பார் பக். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்கள். பிறகு பேஜ், நான் இங்கே முன்பே வந்த மாதிரி இருக்கிறது என்றாராம். எனக்கும் அப்படித்தான் என்றாராம் பக். ஆட்டக்காரனை வெறும் வேடிக்கை மனிதனாக மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை. எங்கள் வழிகாட்டி சொன்னார்.

1947இல் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் நுழைந்தார். அவரும் மானார்க்ஸ் ஆட்டக்காரர்தான், 1945இல். முதல் ஆளாக தான் இல்லையே என்று பேஜுக்கு வலித்தது. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் ராபின்சன் ஒரு வருடம் மைனர் லீக்கில் ஆடிவிட்டுப் போனார். பேஜ் அப்போது வாங்கிக்கொண்டிருந்த பணத்துக்கு, அந்த வயதில், கீழ் லீக்கில் போய் யாரும் நிற்க மாட்டார்கள். 1948 ஜூலை 7, அவருடைய 42வது பிறந்தநாளன்று, க்ளீவ்லாந்து இண்டியன்ஸ் முதலாளி பில் வீக் ஒப்பந்தம் போட்டார். விளம்பரத்துக்காக ஒரு கிழவரைப் பிடித்து ஆட்டத்தைக் கேவலப்படுத்துகிறார் என்று ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகையின் டெய்லர் ஸ்பிங்க் எழுதினார். பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பிட்சரின் பெயரில் எழுதுவார்கள். பேஜ் அந்தப் பருவத்தில் 6 வெற்றி, 1 தோல்வி. ஆகஸ்டில் அவர் வீசிய ஒரு இரவு க்ளீவ்லாந்தில் 78,382 பேர் வந்திருந்தார்கள். டிக்கெட் விற்கும் கை என்று சும்மா சொல்லவில்லை. அந்த வருடம் க்ளீவ்லாந்து மேஜர் லீக்கின் உலகத் தொடரை ஜெயித்தது. அதில் வீசிய முதல் கறுப்பினப் பிட்சர் பேஜ். அப்புறம் வீக் வாங்கிய செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி. 1952, 1953 இரண்டு வருடமும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் ஆல் ஸ்டார் அணியில் இடம். அங்கே பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில் அவருக்கென்று வீக் ஒரு சாய்வாடும் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

நாற்காலி மறுபடி வந்தது 1965 செப்டம்பர் 25இல், இதே கேன்சஸ் சிட்டியில். அத்லெடிக்ஸ் அணியின் முதலாளி சார்லி ஃபின்லி கூட்டம் வராத பருவத்தின் கடைசியில் 59 வயது பேஜை வீச வைத்தார். நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு நர்ஸை நிறுத்தி, கைக்குத் தைலம் தேய்க்க வைத்து ஒரு நாடகம். பேஜ் எழுந்து போய் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் வீசினார். ஒரு ரன் கூடப் போகவில்லை. அடிக்க முடிந்தது கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவருக்கு மட்டும். வெளியே போகும்போது மைதான விளக்குகளை அணைத்தார்கள், ஜனங்கள் தீக்குச்சிகளைக் கொளுத்திக்கொண்டு பாடினார்கள். மேஜர் லீக்கில் அந்த வயதில் வீசியவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

இதற்கெல்லாம் பிறகு, என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன விவரம். மேஜர் லீக் ஓய்வூதியத்துக்கு அவருக்கு 158 நாள் பணிக்காலம் குறைந்தது. அத்தனை வருடம் வெளியே நிறுத்தி வைத்த அதே லீக்கின் விதி. 1968இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரைச் சம்பளப் பட்டியலில் சேர்த்து அந்த நாட்களை நிரப்பிக் கொடுத்தது. 1971இல் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். முதலில் நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்குத் தனிப் பகுதி என்றுதான் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் மாற்றிக்கொண்டார்கள். 2024இல் நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் கணக்கில் சேர்த்தபோது பேஜின் வெற்றிகள் 28இலிருந்து 125 ஆயின. ஊர் ஊராக உள்ளூர் அணிகளோடு ஆடிய ஆயிரக்கணக்கான இன்னிங்ஸ் இதில் வராது.

கடைசியில் சிலை மைதானம். கிட்டே போய்ப் பாருங்கள், பேஜின் பார்வை நேராக கிப்சனின் கையுறைக்குள் போகிறது. குழந்தைகள் சிலைகளுக்கு நடுவே ஓடலாம், படம் எடுக்கலாம். அப்பா கேட்டதற்கு இங்கேதான் பதில் கிடைத்தது. அவர் பேஜுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார், கையைக் கட்டிக்கொண்டு, வங்கியில் எடுத்த பழைய குரூப் போட்டோவில் நிற்பதைப் போலவே.

பரிசுப் பொருள் கடை நன்றாக இருக்கிறது. மானார்க்ஸ் தொப்பி வாங்குங்கள். துணி தரமானது, மகன் தினமும் போட்டுத் தேய்க்கிறான், நிறம் போகவில்லை. ஜாஸ் மியூசியத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே மதியத்தில் திணிக்க வேண்டாம், இரண்டாவது வீணாகும்.

சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே ப்ரூக்ளின் அவென்யூவில் ஆர்தர் பிரையண்ட்ஸ் பார்பிக்யூ கடை. 1965இல் பேஜ் வீசிய முனிசிபல் ஸ்டேடியம் அதே தெருவில், 22வது தெரு முனையில் இருந்தது. இப்போது இடித்தாகிவிட்டது, நினைவுச் சின்னம் மட்டும் உண்டு. ஆட்டம் பார்த்தவர்கள் அன்றும் இந்தக் கடைக்குத்தான் வந்தார்கள். கருகிய ஓரத் துண்டுகளான பர்ன்ட் எண்ட்ஸ் வாங்கி, வினிகர் தூக்கலான அந்தச் சிவப்பு சாஸில் நனைத்துச் சாப்பிடுங்கள். நம்மூர் நாக்குக்குப் புளிப்பும் காரமும் சேர்ந்த அந்தச் சாஸ்தான் முதலில் பிடிக்கும். சைவக்காரர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கையோடு தயிர்சாதம் எடுத்துப் போவது உத்தமம், அப்பா அதைத்தான் காரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நேரமிருந்தால் ட்ரூஸ்ட் அவென்யூவில் ஃபாரஸ்ட் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். 1982 ஜூனில் இறந்த பேஜ் அங்கே தனித் திட்டு ஒன்றில் லஹோமாவோடு இருக்கிறார். மியூசியத்தில் வழிகாட்டி வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மியூசியத் தலைவர் பாப் கெண்ட்ரிக் ஊரில் இருந்து கதை சொல்லும் நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. பக்குக்குப் பிறகு இந்தக் கதைகளை அவர் அளவுக்குச் சொல்ல ஆளில்லை. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.